நேஷனல் லேபரட்டரி: தமிழில் என்ன சொல்வது?

கும்பகோணத்தில் 'லேபுக்குப் போயிட்டு வரேன்' என்றால் ரத்தம் கொடுக்கப் போவதாக அர்த்தம். காபிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கும் இடம். அதே சொல்லை வைத்துக்கொண்டு 'நேஷனல் லேப்' என்றால் அளவு பிடிபடாது.

அணுவைவிடச் சிறிய துகள்களை ஆராய்வதற்காக சிகாகோ பக்கத்தில் இருக்கும் நேஷனல் லேபான ஃபெர்மிலேபை எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் தொடங்கியது. அமெரிக்க எரிசக்தித் துறை பணம் கொடுக்கிறது. பரப்பு 6,800 ஏக்கர். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று தஞ்சாவூர்க் கணக்குப் போட்டால் ஆயிரம் வேலிக்குக் கொஞ்சம் மேலேயே வருகிறது. பெரிய மிராசுதான்! காட்டெருமைகள்கூட மேய்கின்றன.

லத்தீனில் 'லபோராரே' என்றால் உழைப்பது. அதிலிருந்து வந்த லேபரட்டரிக்கு வேலை செய்யும் இடம் என்றுதான் முதல் பொருள்; பட்டறை மாதிரி. பழைய பாடப் புத்தகங்கள் இதைச் 'சோதனைச்சாலை' என்றன. எனக்கு அது ஒட்டவில்லை. நம் ஊரில் சோதனை என்றால் கடவுள் கொடுப்பது, இல்லாவிட்டால் வருமான வரிக்காரர்கள் வந்து செய்வது.

ஆய்வகம் நல்ல சொல். இதன் வேர் 'ஆய்' அடுப்படியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. முளைக்கீரைக் கட்டைப் பிரித்து முறத்தில் பரப்பி, பழுத்த இலையையும் ஒட்டி வந்த புல்லையும் ஒதுக்கி, தண்டைக் கிள்ளி இளசா முற்றலா என்று பார்ப்பதுதான் கீரை ஆய்வது. தொல்காப்பிய உரியியல், ஆய்தல் உள்ளிட்ட நான்கு சொற்களுக்கு 'உள்ளதன் நுணுக்கம்', அதாவது இருப்பது குறைந்து நுணுகுவது, என்று பொருள் சொல்கிறது. ஃபெர்மிலேபில் 6.3 கிலோமீட்டர் வளையத்தில் துகள்களை மோதவிட்டார்கள். கோடானுகோடி மோதல்களில் வேண்டாததையெல்லாம் கழித்துக் கழித்து 1995இல் டாப் குவார்க் என்ற அடிப்படைத் துகளைக் கண்டுபிடித்ததும் ஆய்ந்து எடுத்ததுதானே.

சரி, 'நேஷனல்'? தேசம் வடசொல்தான். ஆனால் 'நாட்டு ஆய்வகம்' என்றால் நாட்டுக்கோழி, நாட்டு மருந்து வரிசையில் சேர்ந்துவிடும். 'தேசிய ஆய்வகம்' என்றே இருக்கட்டும். டில்லியில் 1950இல் திறந்த நேஷனல் பிசிக்கல் லேபரட்டரியும் தமிழில் தேசிய இயற்பியல் ஆய்வகம்தான். அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்புப் பக்கத்துக்காரரான கே.எஸ். கிருஷ்ணன். இந்திய நேரத்தைக் காத்துவருவதும் அந்த இடம்தான்.

ஆராய்ச்சி என்ற சொல்லுக்குள்ளும் இதே 'ஆய்' இருக்கிறது. 1922இல் ஆடுதுறையில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அந்த வேலை இன்றும் வயலில் இறங்கி நடக்கிறது. ஏடிடி என்று பெயர் போட்ட விதைநெல் எல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.