மார்ஷல்: லாயக்காரனா, படைத்தலைவனா, அமீனாவா?

சட்டமன்றத்தில் கூச்சல் போடும் உறுப்பினரைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விடுகிறவர் மார்ஷல். மானெக்‌ஷா பீல்டு மார்ஷல். குமரி மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேரப் பாடுபட்ட நேசமணிக்கும் மார்ஷல் என்பதே பட்டம். கௌபாய்ப் படங்களில் நெஞ்சில் தகர நட்சத்திரம் குத்திக்கொண்டு வருகிறவரும் மார்ஷல்தான். இந்த நாலாவது ஆளைத் தமிழில் என்ன சொல்லி அழைப்பது என்பதில்தான் சிக்கல். "படைத்தலைவர்" என்று சப்டைட்டில் போட்டுவிடுகிறார்கள். அவருக்குக் கீழே படையே கிடையாது.

முதலில் வேர். பழைய ஜெர்மானிய மொழியில் மார் என்றால் குதிரை, ஸ்கால்க் என்றால் பணியாள். இரண்டும் சேர்ந்து லாயத்தில் குதிரையைக் கவனிக்கும் வேலைக்காரனைக் குறித்தது. பிரெஞ்சில் இன்றைக்கும் மாரெஷால்-ஃபெரான் என்றால் குதிரைக்கு லாடம் கட்டுகிறவர். பழைய ஜெர்மானிய இனமான பிராங்க் அரசர்களின் அரண்மனையில் குதிரை யார் கையில் இருந்ததோ அவர் கையில் அதிகாரமும் வந்து சேர்ந்தது. லாயக்காரன் குதிரைப்படைக்குப் பொறுப்பாளன் ஆனான், பிறகு படைத்தலைவன் ஆனான். நம் ஊர்க் கான்ஸ்டபிளும் அதே லாயத்துக்காரர்தான்: லத்தீனில் அது "லாயத்து அதிகாரி".

மார்ஷலை அப்படியே தமிழாக்கினால் குதிரைச் சேவகன். சோழர் கல்வெட்டில் குதிரைச் சேவகர் என்றால் குதிரை வீரர். அந்தச் சேவகன் பின்னாளில் கச்சேரி வாசலில் டவாலி போட்டு நிற்கும் ஆளாக இறங்கிவிட்டான். மார்ஷல் ஏறிய அதே படிக்கட்டில் சேவகன் இறங்கியிருக்கிறான்.

ஓர் எச்சரிக்கை: "மார்ஷல் லா" என்று நாம் எழுதும் இராணுவச் சட்டத்துக்கும் இந்த மார்ஷலுக்கும் உறவில்லை. அது மார்ஸ் என்ற ரோமானியப் போர்க் கடவுளின் பெயரிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் வந்த குழப்பம்.

இனி அந்த நாலாவது ஆள், அமெரிக்கக் குடியேற்றத்தின் எல்லைப்புறத்து மார்ஷல். 1789-இல் கூட்டாட்சி நீதிமன்றங்களை உருவாக்கிய சட்டமே இந்தப் பதவியையும் உருவாக்கியது. நியமிப்பவர் குடியரசுத் தலைவர், பதவிக்காலம் நான்கு ஆண்டு. வேலை என்ன? சம்மன் கொடுப்பது, வாரண்டை நிறைவேற்றுவது, ஜூரிகளையும் சாட்சிகளையும் வரவழைப்பது, அவர்களுக்குப் படி கொடுப்பது, கைதியைக் கட்டிக் காப்பது. 1870 வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இவர்கள் தலையில்தான். சுருக்கமாகச் சொன்னால் கோர்ட் அமீனாவின் வேலை, கூடவே துப்பாக்கி.

இந்த அமீனா எப்படி எல்லைப்புறத்தின் போலீஸ் ஆனார் என்பதற்கு விடை "டெரிட்டரி" என்ற சொல்லில் இருக்கிறது. மாநிலம் ஆகாத ஆட்சிப்பகுதி அது. ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, வாஷிங்டன் அனுப்பும். இதில் இன்னும் சிக்கலானது, பின்னாளில் ஒக்லஹோமாவின் கிழக்குப் பாதியான இந்தியன் டெரிட்டரி. அங்கே செரோக்கி, கிரீக் முதலிய ஐந்து பழங்குடி நாடுகளுக்குச் சொந்த நீதிமன்றமும் லைட்ஹார்ஸ் என்ற குதிரைக் காவலரும் இருந்தார்கள். ஆனால் அவர்களின் அதிகாரம் சொந்தக் குடிமக்கள் மேல் மட்டும். வழக்கில் ஒரு வெள்ளைக்காரர் சம்பந்தப்பட்டாலே அது ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித் நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். 1875 முதல் 1896 வரை ஐசக் பார்க்கர் நீதிபதியாக இருந்தது அங்கேதான். 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார்; தூக்கில் தொங்கியவர்கள் 79 பேர். ஆகவே யார் யாரைச் சுட்டார் என்பதைவிட, சுட்டவரும் செத்தவரும் எந்த நாட்டுக் குடிகள் என்பதைத்தான் மார்ஷலின் ஆள் முதலில் விசாரிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் பிடித்த ஆளை நீதிமன்றம் விட்டுவிடும். போய்வந்த செலவு பிடித்தவருக்கு நட்டம்.

செலவு என்றதும் கூலிக் கணக்கு. களத்தில் அலைந்த துணை மார்ஷலுக்கு மாதச் சம்பளம் கிடையாது, வேலைக்கு இத்தனை என்று கட்டணம். ஒரு கைதுக்கு 2 டாலர். ஆளைத் தேடிப் போகும் வழிக்கு மைலுக்கு 6 சென்ட், கைதியோடு திரும்பும் வழிக்கு மைலுக்கு 10 சென்ட். கைதியின் சாப்பாட்டுக்கு நாளைக்கு 75 சென்ட். நூறு மைல் போய் ஒருவனைப் பிடித்து வந்தால் 2-உம் 6-உம் 10-உம் சேர்த்து 18 டாலர். அதில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ மேலே இருக்கும் மார்ஷல் எடுத்துக்கொள்வார். கால் பங்கு என்றால் கையில் நிற்பது பதின்மூன்றரை டாலர். ஆள் அகப்படவில்லையென்றால் போன தூரமும் வீண். ஆள் செத்துவிட்டால் கைதுக் கூலி போகும். உடலைக் கேட்டு உறவினர் யாரும் வரவில்லையென்றால் அடக்கச் செலவும் இவர் தலையில் விழும். சுட்டுத் தள்ளும் மார்ஷல் சினிமாவில் பிழைக்கலாம், ஃபோர்ட் ஸ்மித்தில் கடனாளியாவார்.

அதனால்தான் ஒற்றை ஆளுக்காக யாரும் கிளம்புவதில்லை. கத்தை வாரண்டை எடுத்துக்கொண்டு, சமையற்காரர், காவலாள், போஸி என்ற உதவியாள், ஒரு வண்டி என்று புறப்பட்டு, வாரக்கணக்கில் சுற்றி, பிடித்தவர்களையெல்லாம் வண்டியோடு சங்கிலியில் பிணைத்துக் கொண்டுவருவார்கள். அடிமையாகப் பிறந்து 1875 முதல் 1907 வரை துணை மார்ஷலாக இருந்த பாஸ் ரீவ்ஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாரண்டை ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போவார். காகிதத்தை நிறைவேற்றுவதே தொழிலாக உள்ள ஒருவருக்கு அந்தக் காகிதம் வெறும் கோடுகளாகத் தெரிந்திருக்கிறது.

அரிசோனாவில் இன்னொரு குழப்பம். அங்கே நகராட்சியின் காவல் தலைவருக்கும் மார்ஷல் என்றே பெயர். 1881 அக்டோபர் 26-இல் டூம்ஸ்டோன் நகரத்துத் துப்பாக்கிச் சண்டையில் நின்ற வெர்ஜில் ஏர்ப் இரண்டு பதவியையும் ஒருசேர வைத்திருந்தார். ஊருக்குள் துப்பாக்கி கொண்டு திரியக்கூடாது என்ற நகராட்சி விதியை அமல்படுத்தப் போனபோது அவர் நகர மார்ஷல். தபால் கொள்ளையரைத் துரத்தினால் அமெரிக்கத் துணை மார்ஷல். அதே ஊரில் ஜானி பீஹன் ஷெரிஃப், அதாவது நம் மாவட்டம் போன்ற கவுண்டிக்கு அதிகாரி. மூன்று பதவியையும் "காவலர்" என்று ஒரே சொல்லில் போட்டால் சண்டைக்கான காரணமே படிப்பவருக்குப் புரியாது.

மாநிலம் ஆனதும் இந்த அதிகாரம் சுருங்கிவிடும். 1907 நவம்பர் 16-இல் ஒக்லஹோமா மாநிலமானது. கொலையும் குதிரைத் திருட்டும் மாநிலச் சட்டத்துக்குப் போயின, பிடிக்கும் வேலை ஷெரிஃபுக்குப் போயிற்று. ரீவ்ஸ் தன் முதுமையில் மஸ்கோகி நகரப் போலீஸில் சேர்ந்து ரோந்து போனார்.

அப்படியானால் தமிழ்ச் சொல்? பதவியின் மதிப்பைப் பார்க்காமல், செய்யும் வேலையைப் பார்த்துத்தான் போட வேண்டும். சட்டமன்றத்தில் அவைக் காவலர். அரிசோனாவின் நகர மார்ஷல், நகரக் காவல் தலைவர். படையில் பீல்டு மார்ஷலுக்கு தண்டநாயகர் என்ற பழைய சொல் பொருந்தும், ஆனால் வழக்கில் நிலைத்தது பீல்டு மார்ஷல்தான், விட்டுவிடலாம். அமெரிக்க மார்ஷலுக்கு முதல் இடத்தில் "கூட்டாட்சி நீதிமன்றக் காவல் அதிகாரி" என்று விளக்கிவிட்டு, பிறகு மார்ஷல் என்றே எழுதுவது நல்லது. களத்தில் குதிரையில் வருகிறவரைத் துணை மார்ஷல் என்று எழுதுங்கள். மார்ஷல் பெரும்பாலும் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த மூன்றில் ஒரு பங்கைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்.