ஷெல் ஸ்கிரிப்ட்: 'ஓட்டு எழுத்துரு' அல்ல

'ஓட்டு எழுத்துரு எழுதக் கற்போம்' என்று ஒரு தலைப்பு கண்ணில் பட்டது. ஷெல் ஸ்கிரிப்டைத்தான் சொல்கிறார்களாம்: ஷெல் 'ஓடு', ஸ்கிரிப்ட் 'எழுத்துரு'. லதா, பாமினி இவையெல்லாம் எழுத்துரு (ஃபான்ட்). கோப்புகளுக்குப் பெயர் மாற்றவும் நகலெடுக்கவும் நாம் எழுதிவைக்கிற நாலு வரிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? அகராதியைத் திறந்து, முதலில் அகப்பட்டதை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் வரும்.

வேர் எளிது. லத்தீனில் 'ஸ்கிரிபேரே' என்றால் எழுதுதல், 'ஸ்கிரிப்ட்' எழுதப்பட்டது. வரிவடிவம், கையெழுத்து, நாடகத்தின் எழுத்துப்படி என்று பிற்பாடு கிளைத்தது. கணினிக்குப் பொருந்துவது கடைசிப் பொருள்: என்ன, எதற்குப் பின் எது என்று முன்கூட்டியே எழுதிவைத்தது.

ஷெல்? இயங்குதளத்தின் உட்பகுதி கெர்னல், அதாவது பருப்பு. அதைச் சுற்றி நின்று, நாம் தட்டும் கட்டளையை வாங்கி நிறைவேற்றித் தருவது ஷெல். 1960களில் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காகப் பிரெஞ்சுக் கணினியாளர் லூயி பூசான் வைத்த பெயர் அது. ஆக, 'ஓடு' பொருளளவில் தப்பில்லை. வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள், அங்கேதான் வம்பு. 'ஓட்டை இயக்கு.' 'புதிய ஓட்டைத் திற.' பாதுகாப்பு பற்றி எழுதும்போது 'சர்வரில் ஓட்டைத் திறந்துவிட்டார்கள்' என்றால் ஷெல்லையா, துளையையா? போதாததற்கு 'ஓடு' தனியாக நின்றால் ஏவல்வினை வேறு. ஷெல்லை ஷெல் என்றே விட்டுவிடலாம். தூய்மைக்காகத் தெளிவைக் காவு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்கிரிப்டுக்குத் தமிழ் வேண்டும், நல்ல தமிழே இருக்கிறது: கட்டளைத்தொடர். ஆணைத்தொடர் என்றாலும் சரி. 'குறுநிரல்' என்பவர்களோடுதான் என் தகராறு. ஆயிரம் வரியில் ஸ்கிரிப்ட் உண்டு, பத்து வரியில் சி மொழி நிரலும் (புரோகிராமும்) உண்டு. குறுமை எங்கே வந்தது? தவிர, இணையப் பக்கத்துக்குள் ஓடிய ஜாவா ஆப்லெட்டுக்கும் குறுநிரல் என்றே எழுதிப் பழகிவிட்டோம். 'உரைநிரல்' இன்னும் மோசம். எந்த நிரலின் மூல வடிவம்தான் உரையாக இல்லை? இரண்டுமே இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் நழுவுகின்றன.

வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். மாறியின் (மதிப்பைச் சேமிக்கும் வேரியபிளின்) பெயருக்கும் சமக்குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டுவிட்டால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று ஷெல் முறைக்கும். புதிதாகக் கற்கிற எல்லோரும் இங்கே ஒருமுறை முட்டிக்கொள்வார்கள். வரியின் முதல் சொல்லைக் கட்டளை என்றே அது எடுத்துக்கொள்கிறது. மாறியின் பெயரில் ஒரு கட்டளையைத் தேடிப்போய்க் காணாமல் திரும்புகிறது. இப்படிப்பட்ட ஒன்றுக்குப் பெயரில் 'கட்டளை' இல்லாமல் எப்படி?

'தொடர்' ஏன் என்பதற்கு இதைவிட விபரீதமான சான்று உண்டு. முதல் வரியில் 'சிடி' கொடுத்துப் பழைய பதிவுகள் இருக்கும் அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) போகிறோம். இரண்டாம் வரியில் 'ஆர்எம்' கொடுத்து அங்குள்ளதை எல்லாம் அழிக்கிறோம். அடைவின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் முதல் வரி தோற்கும். ஷெல் பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு, தயங்காமல் அடுத்த வரிக்குப் போய், நிற்கிற இடத்தில் உள்ள கோப்புகளைத் துடைத்துவிடும். முந்தையது வென்றால்தான் அடுத்தது நடக்க வேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவே '&&' போட்டு நாம்தான் கோக்க வேண்டும்.

ஷெல்லுக்கும் முன்பே, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் சிடிஎஸ்எஸ் என்ற பழைய இயங்குதளத்தில் பூசான் எழுதிய நிரலின் பெயர் ரன்காம். கோப்பில் எழுதிவைத்த கட்டளைகளை வரிசையாக இயக்குவது அதன் வேலை. பெயரும் 'ரன் கமாண்ட்ஸ்' என்பதன் சுருக்கம். பேஷ் ஷெல்லின் அமைவுக் கோப்பான 'பேஷ்ஆர்சி'யின் வாலில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஆர்சி' அதுதான். உருவாக்கியவரே கட்டளை என்று பெயர் வைத்திருக்க, நாம் எழுத்துருவைத் தேடி அலைகிறோம்.

மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். வேரியபிளுக்கு 'மாறி' எத்தனை அழகாக அமைந்தது! ஆனால் ஆர்க்யுமென்டை 'வாதம்' ஆக்கியவரை மன்னிக்க முடியாது. ஸ்கிரிப்டை ஓட்டும்போது கூடவே கொடுக்கும் கோப்பின் பெயர் 'முதல் வாதம்' என்றால், அது யாரோடு வழக்காடுகிறது? உள்ளிடும் மதிப்பு என்றால் போதாதா? அப்புறம் '#' போட்டுத் தொடங்கும் வரியை, அதாவது குறிப்பை, 'கருத்து' என்கிறார்கள். முதல் வரியில் வரும் '#!' ஷெல்லுக்குத்தான் வெறும் குறிப்பு. இந்தக் கோப்பை எந்த நிரலிடம் கொடுக்க வேண்டும் என்று கெர்னலுக்குச் சொல்வதே அந்த வரிதான். அதையும் 'முதல் கருத்து' என்று எழுதியிருந்தார் ஒருவர்.