பெரணிக்கு எதற்கு 1260 குரோமோசோம்?

“மனிதனுக்கே 46 குரோமோசோம்தான். ஒரு பெரணிக்கு 1260 என்று படித்தேன். அச்சுப் பிழையா, இல்லை பெரணி நம்மைவிட மேம்பட்ட உயிரா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அச்சுப் பிழை இல்லை. அந்தப் பெரணியின் பெயர் ஓபியோகுளோசம் ரெட்டிகுலேட்டம். ஒரே ஒரு இலையும், அதன் அடியிலிருந்து நாக்குபோல் நீளும் ஒரு வித்துக் கதிரும்தான் மொத்தச் செடி. அதன் செல்லில் சுமார் 630 ஜோடிக் குரோமோசோம்கள் இருப்பதை 1954இல் எண்ணி அறிவித்தவர்கள் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஆபிரகாம், நைனான் என்ற இருவர். பின்னால் இதே இனத்தில் 1440 வரைகூட எண்ணியிருக்கிறார்கள்.

மேம்பட்ட உயிர் என்பதுதான் தவறு. குரோமோசோம் எண்ணிக்கைக்கும் உடலின் சிக்கலுக்கும் சம்பந்தமே கிடையாது. பரிணாமத்தை ஏணியாகவும், அதன் உச்சியில் மனிதன் உட்கார்ந்திருப்பதாகவும் நினைக்கும் பழக்கத்தை விட்டால்தான் இந்த எண்ணுக்கு அர்த்தம் புரியும். பெரணிகள் தங்கள் ஜீனோமை (மொத்த மரபணுத் தொகுப்பை) முழுசாக இரட்டித்துக்கொள்ளும். அதுவும் மிக எளிதாக. 2009இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, பூக்கும் தாவரங்களில் புதிய இனம் தோன்றும் நிகழ்வுகளில் 15 சதவீதம் இப்படி இரட்டிப்போடு சேர்ந்தே நடந்திருக்கிறது. பெரணிகளிலோ 31 சதவீதம்.

ஏன் பெரணிக்கு மட்டும் இவ்வளவு எளிது? அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் வளரும் ஆஸ்பிளீனியம் பெரணிகள் இதற்கு அருமையான உதாரணம். அங்கே பிளாட்டினியூரான் என்ற இனத்துக்கு இறகுபோல் பிரிந்த இலையும் பளபளக்கும் கரும்பழுப்புக் காம்பும் உண்டு. ரைசோபில்லம் என்ற இனத்துக்குப் பிரியாத நீண்ட இலை; அதன் நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுப் புதுச் செடியாகும். இரண்டுக்கும் 36 ஜோடிக் குரோமோசோம்கள். இவை கலந்தால் எபினாய்டஸ் என்ற கலப்பினம் பிறக்கிறது. இதன் பெற்றோர் இவர்கள்தான் என்பதை 1902இல் மார்கரெட் ஸ்லாசன் இரண்டையும் கலந்து வளர்த்தே காட்டிவிட்டார்.

கலப்பினம் நன்றாகவே வளரும். மறைமுகப் பிரிவுக்கு (மைட்டாசிஸ்) குரோமோசோம்கள் ஜோடி சேரத் தேவையில்லை அல்லவா. சிக்கல், விதைக்குப் பதிலாகப் பெரணி பரப்பும் ஸ்போர் என்ற தூள் உருவாகும் குன்றல் பிரிவில் (மியாசிஸ்) வருகிறது. ஒரு பெற்றோரின் 36, மற்றவரின் 36, மொத்தம் 72 குரோமோசோம்கள். எதற்கும் ஒத்த இணை இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்று, எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் போகும். ஒரு ஸ்போருக்கு 30, இன்னொன்றுக்கு 42 என்று தாறுமாறாகக் கிடைக்கும். அவை சுருங்கிக் கறுத்துச் செத்துப்போகும்.

இனி வருவதுதான் பெரணி உலகின் மிக அழகான சங்கதி. சாதாரணமாக ஸ்போராஞ்சியம் என்ற ஸ்போர்ப் பைக்குள் ஒரு செல் நான்கு முறை பிரிந்து 16 ஸ்போர் தாய்செல்கள் ஆகும். ஒவ்வொன்றும் குன்றல் பிரிவில் நான்கு ஸ்போர் தர, மொத்தம் 64. சில ஸ்போராஞ்சியங்களில் நான்காவது பிரிவு பாதியில் நின்றுவிடும். குரோமோசோம்கள் நகலாகிவிட்டன, செல் மட்டும் பிரியவில்லை. ஆக 16 செல்லுக்குப் பதில் 8 செல், ஒவ்வொன்றிலும் 72க்குப் பதில் 144 குரோமோசோம். இப்போது ஒவ்வொரு குரோமோசோமுக்கும் அதன் சொந்த நகலே இணை! குன்றல் பிரிவு பிசிறில்லாமல் நடந்து, 72 குரோமோசோம் கொண்ட 32 நல்ல ஸ்போர்கள் வரும். இன்னொரு வழியும் உண்டு: 16 தாய்செல்களும் சரியாகவே உருவாகி, குன்றல் பிரிவின் முதல் பாதி தவறிப்போய், ஒவ்வொன்றும் இரண்டே ஸ்போர் தரும். அதிலும் கணக்கு 32தான். அதனால் ஸ்போர்களை எண்ணி மட்டும் எந்த வழி என்று சொல்ல முடியாது. தாய்செல்லில் குரோமோசோம்கள் ஜோடியாக நிற்கின்றனவா, தனியாக நிற்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும்.

ஒரு பூக்கும் தாவரத்தில் இப்படிக் குரோமோசோம் பாதியாகக் குறையாத மகரந்தம் வந்தால், அதேபோல் குறையாத ஒரு கருமுட்டை கிடைத்தால்தான் ஒரே எட்டில் நான்மடியம் (டெட்ராபிளாய்டு, நான்கு தொகுதிக் குரோமோசோம் கொண்ட செடி) உண்டாகும். இரண்டு அபூர்வங்கள் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். பெரணிக்கு ஒரே ஒரு ஸ்போர் போதும். அது ஈரமான பாறையிடுக்கில் விழுந்து, சில மில்லிமீட்டர் அகலமுள்ள இதய வடிவப் புரோதாலஸாக வளரும். அதே புரோதாலஸில் முட்டையும் உண்டு, நீந்தும் ஆண் செல்லும் உண்டு. ஒரு சொட்டு நீர் இருந்தால் இரண்டும் சேர்ந்து, 144 குரோமோசோம் கொண்ட புதுச் செடி ரெடி. தாத்தா பாட்டி இருவரின் 36 குரோமோசோமும் இப்போது ஜோடி ஜோடியாக இருப்பதால் மலட்டுத்தன்மை ஒரே தலைமுறையில் போய்விடுகிறது. தன்னோடு தானே கலந்தால் பழுதான மரபணுக்கள் வெளிப்படுமே என்றால், பெரும்பாலும் அதற்கும் காப்பு உண்டு: ஒரு மூதாதையின் மரபணு பழுதானாலும் மற்றவருடையது வேலை செய்யும். மூதாதை இனத்தோடு மறுபடி கலந்தால் பிறப்பது மும்மடியம், அது மலடு. ஆகவே புது இனம் தனியாகவே நிற்கும்.

இது வெறும் ஊகமில்லை. அலபாமாவில் ஹவானா என்ற ஊருக்கு அருகே ஒரு பள்ளத்தாக்கில் எபினாய்டஸ் வளமான நான்மடியமாகவே வாழ்கிறது. 1954இல் இந்த ஆஸ்பிளீனியம் உறவு வலையை விளக்கிய தாவரவியலாளர் வாரன் வாக்னர், 1957இல் தன் சக ஆய்வாளருடன் சேர்ந்து, மலட்டுச் செடியின் ஸ்போர்களிலிருந்தே வளமான நான்மடியம் தானாக உருவாவதைக் காட்டினார்.

இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் மரபணுக்கள் குவிந்துவிடாதா? ஒரேவகை ஸ்போர் தரும் பெரணிகளில் சராசரி ஒருமடிய எண் (முட்டை போன்ற இனச்செல்லில் உள்ள குரோமோசோம்கள்) 57. பூக்கும் தாவரங்களில் 16தான். அதனால் எல்லாப் பெரணியும் பன்மடியம் என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1986இல் ஹாஃப்லர், சால்டிஸ் என்ற ஆய்வாளர்கள் நொதிகளைச் சோதித்தபோது, குரோமோசோம் அதிகமுள்ள பெரணிகளும் மரபணு அளவில் இருமடியம்போலவே நடந்துகொண்டன. உபரிப் பிரதிகள் ஒவ்வொன்றாக அடங்கிவிடுகின்றன; குரோமோசோம்கள் மட்டும் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகின்றன. அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடி பலமுறை இரட்டித்தும் இன்று 5 ஜோடிக்குச் சுருங்கிவிட்டது. பெரணி அப்படிச் சுருக்குவதில்லை. 2022இல் வந்த செரட்டாப்டெரிஸ் என்ற பெரணியின் ஜீனோமில் 39 ஜோடிக் குரோமோசோம்கள், 746 கோடி டிஎன்ஏ எழுத்துகள். கடைசி இரட்டிப்பு நடந்ததோ சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்.

அராபிடாப்சிஸ் ஜீனோம் 2000இலேயே வந்தது. முதல் பெரணி ஜீனோம்கள் வர 2018 ஆயிற்று. அதில் ஒன்று நம் நெல்வயல்களில் தழைச்சத்துக்காக வளர்க்கும் அசோலாவின் இனம். அந்த ஆய்வுக்கான தொடக்கப் பணத்தில் 22,000 டாலருக்கு மேல் பொதுமக்களிடம் இணையத்தில் திரட்டியது. வயலுக்கு நேரடியாகப் பயன்படும் செடிக்கே இந்த நிலை என்பது நிதி ஒதுக்குபவர்களுக்குப் பெருமை சேர்க்காது. நம் கல்லூரிகளில் குரோமோசோம் எண்ணும் கலை பழசாகிவிட்டது என்று ஒதுக்கப்படுவதும் வருத்தம்தான். ஜீனோம் வாசிக்கும் இயந்திரம் எவ்வளவு விலையானாலும், அந்தச் செடி எத்தனை மடியம் என்பதை முதலில் யாராவது எண்ணிச் சொல்லியாக வேண்டும்.

அதற்குப் பெரிய செலவும் இல்லை. ஸ்போராஞ்சியம் வெண்பச்சையாக இருக்கும்போதே காலையில் பறித்து, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட வேண்டும். பழுப்பேறிவிட்டால் குன்றல் பிரிவு முடிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அசிட்டோகார்மின் சாயம், லேசான சூடு, கவர்சிலிப்பின்மேல் விரலால் நேராக ஓர் அழுத்து. அழுத்தம் போதாவிட்டால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், எண்ணவே முடியாது. 64ஆ 32ஆ என்று மட்டும் பார்க்கச் சாயமே வேண்டாம்: முற்றியும் வெடிக்காத ஒரு ஸ்போராஞ்சியத்தைத் தண்ணீர்ச் சொட்டில் வைத்து நசுக்கினால் போதும். கிளிசரினில் வைக்கக் கூடாது. அது ஸ்போராஞ்சியத்தைச் சுற்றியுள்ள வளையச் செல்களின் நீரை உறிஞ்ச, ஸ்போராஞ்சியம் தெறித்து ஸ்போர்கள் சிதறிவிடும்.