ஸ்லோவேனியா போய் வந்தபின் காய்ச்சல் வந்தால்

ஐரோப்பியச் சுற்றுலாவுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். குளிர் தாங்குமா, குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா, தயிர் கிடைக்குமா? ஸ்லோவேனியாவுக்குப் போகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஆல்ப்ஸ் மலைக்கும் ஏட்ரியாட்டிக் கடலுக்கும் நடுவே, சுமார் 21 லட்சம் மக்கள் மட்டுமே வாழும் சிறிய நாடு அது. தண்ணீரைப் பற்றிக் கவலையே வேண்டாம். குடிநீரை மக்களின் உரிமையாக 2016இல் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்த நாடு; குழாயில் பிடித்து அப்படியே குடிக்கலாம். குளிருக்கு ஸ்வெட்டர் போதும். பொஸ்தோய்னா குகைக்குள் ஆண்டு முழுவதும் சுமார் 10 டிகிரிதான் என்பதால், கோடையில் போனாலும் அது கையில் இருக்கட்டும்.

யாருமே கேட்காத ஒன்று உண்டு: உண்ணி. அந்த நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் காடு. பிளெட், போஹின் ஏரிகளைச் சுற்றிய நடைபாதைகள் மட்டுமல்ல, தலைநகர் லுப்லியானாவின் திவோலி பூங்காவை ஒட்டிய ரோஷ்னிக் குன்றிலும் உண்ணிகள் இருக்கின்றன. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை, நம்மவர்கள் பயணம் போகும் அதே மாதங்களில்தான், அவை கடிக்கின்றன.

நாய் மேலும் மாட்டின் மேலும் ஊதிப்போய் ஒட்டியிருக்கும் உண்ணியைப் பார்த்துப் பழகிய நாம், உடம்பில் அந்த அளவில்தான் தேடுவோம். அங்கே மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் இளம் உண்ணி. கசகசா அளவுதான் இருக்கும். அது பறப்பதில்லை, மரத்திலிருந்து குதிப்பதும் இல்லை. பாதையோரப் புல்லின் நுனியிலும் புதரிலும் முன்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிப் போகிறவரின் துணியைப் பற்றிக்கொள்ளும். பிறகு மெதுவாக மேலே ஏறி முழங்காலின் பின்புறம், இடுப்புப் பட்டை அழுத்தும் இடம், தொடையிடுக்கு, அக்குள் என்று மறைவான இடமாகப் பார்த்துக் கடிக்கும். குழந்தைகளுக்குத் தலைமுடியிலும் காதின் பின்புறத்திலும் இருக்கும். கடித்தால் வலிக்காது. அதனால் மாலையில் அறைக்குத் திரும்பியதும் உடம்பு முழுவதையும் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். முதுகை இன்னொருவர் பார்க்க வேண்டும். காட்டுப் பாதையில் முழுக்கால் சட்டை போட்டு, அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வெளிர் நிறத் துணியில் உண்ணி ஊர்ந்தால் தெரியும். டீட் அல்லது பிகாரிடின் கலந்த பூச்சிவிரட்டிக் களிம்பும் உதவும்.

உண்ணி ஒட்டியிருப்பதைப் பார்த்தால் எண்ணெய் தடவாதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தீக்குச்சியால் சுடாதீர்கள். நம் வீடுகளில் பரம்பரையாகச் செய்துவரும் இந்த மூன்றுமே தொல்லைப்பட்ட உண்ணி தன் எச்சிலை நம் உடம்புக்குள் இன்னும் அதிகமாக விடச் செய்யும். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் அதன் தலைப்பகுதியைப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நிதானமாக நேரே மேலே இழுங்கள். வாய்ப்பகுதி கொஞ்சம் உள்ளே தங்கிவிட்டால் நோண்ட வேண்டாம், தானே வெளியேறிவிடும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கடித்த இடத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் மருத்துவருக்குத் தேவைப்படும் தேதி அந்தப் படத்திலேயே இருக்கும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இரண்டு நோய்கள். முதலாவது லைம் நோய். இது பாக்டீரியாவால் வருவது. உண்ணி பல மணி நேரம் ஒட்டியிருந்தால்தான் பெரும்பாலும் தொற்றும். கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள் அந்த இடத்தைச் சுற்றி ஒரு படை மெல்ல விரியும். புத்தகங்களில் அது செக்கச்செவேல் என்று இருக்கும். நம் தோல் நிறத்தில் பழுப்பாகவோ கருநீலமாகவோ மங்கலாகத்தான் தெரியும். அரிக்காமல், வலிக்காமல், நாளுக்கு நாள் அகலமாகும் படை என்றால் காத்திருக்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக் மருந்தால் குணமாகிவிடும்.

இரண்டாவது, உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல். இதன் வைரஸ் உண்ணியின் எச்சிலிலேயே இருப்பதால், கடித்த சில நிமிடங்களிலேயே உள்ளே போய்விடும். இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. அது மூன்று தவணை. நகரங்களை மட்டும் சுற்றிப் பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. அங்கே படிக்கப் போகிற பிள்ளைகளும், வாரக்கணக்கில் மலையேற்றத்துக்கும் காட்டு முகாமுக்கும் போகிறவர்களும் கட்டாயம் தங்கள் மருத்துவரிடம் பேச வேண்டும்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வைரஸ் காய்ச்சாத பால் வழியாகவும் வரும். உண்ணி கடித்த ஆட்டின், மாட்டின் பாலில் அது கலந்திருக்கும். 2012இல் ஸ்லோவேனியாவிலேயே பச்சை ஆட்டுப்பாலைக் குடித்த நான்கு பேரில் மூவருக்கு இந்த நோய் வந்தது. நான்காமவர் தடுப்பூசி போட்டிருந்ததால் தப்பினார். வெலிகா பிளானினா போன்ற மேய்ச்சல் மலைகளில் ஆயர் குடில்களில் புளித்த பால் கொடுப்பார்கள். ஊர்த் தயிரின் நினைவில் கை தானாக நீளும். காய்ச்சிய பாலில் செய்ததா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கடையில் விற்கும் பதப்படுத்திய பாலுக்கும் தயிருக்கும் இந்தப் பயம் இல்லை.

சர்க்கரை நோயாளிகள் பயண நாட்களுக்கான மாத்திரை, இன்சுலினோடு ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் இன்சுலின் உறைந்து வீணாகலாம். மருந்துச் சீட்டில் மூலப்பெயர் இருக்கட்டும். நம் ஊர் பிராண்டு பெயர் அங்குள்ள மருந்துக் கடைக்காரருக்குப் புரியாது, மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக்கும் தரமாட்டார். புதுக் காலணியோடு விமானம் ஏறாதீர்கள். லுப்லியானாவின் பழைய நகரத்துக் கல்பாவிய தெருக்களில் ஒரு நாள் நடந்தாலே கொப்புளம் வரும். கால் மரத்துப்போனவருக்கு அது தெரியாமலே புண்ணாகிவிடும்.

சோச்சா ஆற்றின் மரகத நிறத்தைப் பார்த்ததும் இறங்கத் தோன்றும். ஆனால் கோடையிலும் அந்தத் தண்ணீர் கடும் குளிர். திடீரென்று குதித்தால் மூச்சு தன்னிச்சையாக உள்ளே இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருந்தால் அந்த ஒரு மூச்சே ஆபத்து. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது நேரும். சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறமாக ஓடுகின்றன. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மலை மீட்புக் குழு எல்லாவற்றுக்கும் 112தான். ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டின் அவசரத் தொலைபேசி எண்ணைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதும் நல்லது.

திரும்பி வந்த பிறகு நடப்பதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. மூளைக்காய்ச்சல் வைரஸ் உள்ளே போய் வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் காய்ச்சலும் உடல்வலியும் தொடங்கும். பயணம் முடிந்து அவர் வீட்டில் இருப்பார். ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், பிளேட்லெட்டும் குறையலாம். மழைக்காலத்தில் இப்படி ஒரு முடிவைப் பார்த்தால் நம் ஊரில் எந்த மருத்துவரும் டெங்குவைத்தான் நினைப்பார். இரண்டு வைரஸ்களும் ஒரே குடும்பம். டெங்கு எதிர்ப்பணுப் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டவும் கூடும். சில நாட்களில் காய்ச்சல் விட்டு, பிளேட்லெட்டும் ஏறி, வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். சுமார் ஒரு வாரம் கழித்துக் கடும் தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம், தள்ளாட்டம், குழப்பமான பேச்சு என்று இரண்டாவது கட்டம் வரலாம். நோய் தொற்றிய எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தவர்களில் உயிரிழப்பு குறைவுதான், ஆனால் மாதக்கணக்கில் மறதியும் சோர்வும் தங்கிவிடுகிறவர்கள் உண்டு.

கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் 1957இல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலும் இதன் நெருங்கிய உறவுதான், அதையும் உண்ணிதான் பரப்புகிறது. ஆகவே நம் மருத்துவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. நோயாளி எங்கே போய் வந்தார் என்பது தெரிந்தால் போதும், யோசனை அந்தப் பக்கம் போகும். திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்: எந்த நாட்டில் இருந்தீர்கள், காட்டுப் பாதையில் நடந்தீர்களா, உண்ணி கடித்ததா, பச்சைப் பால் குடித்தீர்களா. கடித்ததைப் பார்த்த நினைவே இல்லை என்றாலும் சொல்லுங்கள். இந்த நோய் வந்தவர்களில் பலருக்கு அந்த நினைவு இருப்பதில்லை.