கண்ணோட்டம்: பரிவுத் தலைமைக்கு ஒரு பழஞ்சொல்

கோவையில் வார்ப்பட ஆலை மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைச் சென்ற ஆண்டு திருத்திக் கொடுக்க நேர்ந்தது. அதில் ‘கம்பேஷனேட் லீடர்ஷிப்’ என்னும் தொடர் ஓரிடத்தில் ‘கருணைத் தலைமைத்துவம்’ என்றும், அடுத்த பக்கத்தில் ‘இரக்கமுள்ள தலைமை’ என்றும், பின்னோரிடத்தில் ஆங்கிலச் சொல்லாகவே தமிழ் எழுத்திலும் இருந்தது. மூன்றும் எனக்கு ஒப்பவில்லை.

‘தலைமைத்துவம்’ எளிதில் தீர்வது. ‘மை’ தமிழின் பண்புப்பெயர் விகுதி. ‘துவம்’ அதே வேலையைச் செய்யும் வடமொழி விகுதி. சட்டைக்கு மேல் சட்டை எதற்கு? தலைமை என்றாலே போதும்.

சிக்கல் முதற்சொல்லில்தான் இருக்கிறது. ‘கம்பேஷன்’ என்பதன் இலத்தீன் வேர்ப்பொருள் உடன் துன்புறுதல். துன்பப்படுபவனும் அதை உணர்பவனும் அதில் ஒரே தளத்தில் நிற்கிறார்கள். கருணை என்னும் வடசொல்லோ நம் வழக்கில் மேலிருந்து கீழே பொழிவது: கருணை மனு, கருணைத் தொகை, கருணை அடிப்படையில் வேலை என்று அரசு அலுவலகங்களில் அது எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தாலே, கொடுப்பவர் நாற்காலியிலும் பெறுபவர் வாசலிலும் இருப்பது தெரியும். இரக்கம் ‘இரங்கு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. நெய்தலின் உரிப்பொருளான இரங்கலும், இன்று நாம் நடத்தும் இரங்கல் கூட்டமும் அதே அடியில் வந்தவை. மனம் நைவதை அது சொல்கிறது. நைந்த பின் என்ன செய்வது என்பதைச் சொல்வதில்லை.

திருக்குறளின் அதிகார அடைவு இங்கே உதவுகிறது. கருணைக்கு நிகரான அருளைப் பேசும் அருளுடைமை 25ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் இருக்கிறது. ஆள்பவனுக்கு உரியதைச் சொல்லும் அரசியல் பகுதியில் வள்ளுவர் வேறொரு சொல்லை எடுக்கிறார்: 58ஆம் அதிகாரம், கண்ணோட்டம். ஒருவர்மேல் கண் ஓடுவதால் பிறக்கும் இளக்கம் என்பது அச்சொல்லின் பொருள். முகம் பார்த்தபின் மறுக்க மனம் வராத அந்நிலையைப் பிற்காலத்தில் ‘தாட்சண்யம்’ என்னும் சொல் பிடித்துக்கொண்டது. கண்ணோட்டம் ‘நோக்குநிலை’ என்னும் பொருளுக்கு ஒதுங்கிவிட்டது. ஆனாலும் பழைய பொருள் பேச்சில் செத்துவிடவில்லை. ஈரோட்டுக் கடைத்தெருவில் விலை கேட்டுவிட்டு ‘கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க’ என்கிறோமே, அந்தப் ‘பாத்து’ கண்ணோட்டமே.

பிரித்தானிய தேசிய நலவாழ்வுச் சேவைக்காகப் பரிவான தலைமை பற்றி எழுதிவரும் மைக்கேல் வெஸ்ட் அதை நான்கு செயல்களாகப் பிரிக்கிறார்: கவனித்தல், புரிந்துகொள்ளுதல், உடனுணர்தல், உதவுதல். முதற்செயல் கவனித்தலாக இருப்பதால், கண்ணில் தொடங்கும் நம் சொல் இதற்கு வெகு அருகில் வருகிறது. வள்ளுவர் ஓர் எல்லையும் வைக்கிறார். ‘கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு’ என்பது 578ஆம் குறள். வேலை கெடாமலும் இருக்க வேண்டும், கண்ணோட்டமும் வேண்டும். ‘வல்லார்’ என்றதால் இரண்டையும் சேர்த்துச் செய்வது திறமை என்றாகிறது.

அத்திறமையை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். முன்பு நான் கணக்கெழுதிய ஒரு சிறு பவுண்டரியில், பம்பின் வெளிக்கூடான கேசிங்குகளை லேத்தில் கடைசல் பிடிக்கும்போது தொடர்ந்து ஊதுதுளைகள் தென்பட்டன. அச்சுக் கட்டும் மணலில் ஈரம் மிகுந்தால், உருக்கிய இரும்பு பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி வார்ப்பினுள் துளையாக நின்றுவிடும். பழைய போர்மேன் இருந்தவரை, யார் கட்டிய அச்சு என்று கேட்டாலே பட்டறை ஊமையாகிவிடும். புதிதாக வந்தவர் வயதில் இளையவர். அச்சுக் கட்டும் மூத்த மோல்டரின் பக்கத்தில் குந்தி, ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கிப் பார்த்தார்; உள்ளங்கையில் ஈரம் ஒட்டியது. ‘ஏனுங்கண்ணா, இது எப்பவும் இப்படித்தானுங்களா?’ என்றார். ‘மேல் மண்ணு நல்லா இருக்குதுங்க. ராத்திரி ஊத்துற தண்ணி அடிக்கு எறங்கிருதுங்க. அடி மண்ணு எடுத்த அச்செல்லாம் போயிருதுங்க’ என்றார் அவர். குவியலைக் காலையில் ஒருமுறை புரட்டிப் போட்டபின் அச்சுக் கட்டலாம் என்ற யோசனையும் அவருடையதே. அது அவர் மனத்தில் வெகுநாளாக இருந்திருக்கிறது, சொல்லத்தான் வாய் வரவில்லை.

1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல தலைமையுள்ள பிரிவுகளில் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருக்கக் கண்டார். ஒளிக்காமல் சொல்லும் துணிவு அங்கே இருந்ததே காரணம் என்று விளக்கினார். இதை இன்று ‘உளப் பாதுகாப்பு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். கண்ணோட்டத்துக்கு நேர்முன்னே நிற்கும் 57ஆம் அதிகாரத்தின் பெயர் ‘வெருவந்த செய்யாமை’: கீழுள்ளோர் அஞ்சி நடுங்குவதைச் செய்யாதிருத்தல். அந்த வரிசை தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

‘கம்பேஷனேட்’ என்பதோடு சேர்ந்தே வரும் சொற்கள் ‘அடாப்டிவ்’, ‘இன்னோவேஷன்’ இரண்டும். முதலாவதற்கு உயிரியல் பாடநூல்கள் தந்த ‘தகவமைப்பு’, தகவு என்னும் பொருத்தத்தை அமைத்துக்கொள்வதைக் குறிக்கும் நல்ல சொல். ஆனால் ‘அடாப்டிவ் லீடர்ஷிப்’ பற்றி எழுதிய அமெரிக்க அறிஞர் ரொனால்டு ஹைஃபெட்ஸ் 1994ஆம் ஆண்டு நூலில் விளக்கிய கருத்து, தலைவர் வளைந்து கொடுப்பதைப் பற்றியதன்று. நிபுணரிடம் ஆயத்த விடை இல்லாத சிக்கலில், அதில் வாழ்பவர்களையே தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ளச் செய்வதைப் பற்றியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபின், கழிவுநீரை நொய்யல் ஆற்றில் விடாமல் மீட்டுப் பயன்படுத்தும் முறைக்கு அத்தொழில் மாற வேண்டியிருந்தது. எந்திரம் வாங்குவதோடு முடிகிற காரியமாக அது இருக்கவில்லை. எனவே பிறரை மாறச் செய்வதும் விளங்கும்படி ‘தகவமைக்கும் தலைமை’ என்பதே பொருந்தும். ‘இன்னோவேஷன்’ என்பதற்குப் புது, ஆக்கம் சேர்ந்த ‘புத்தாக்கம்’ நிலைத்துவிட்டது, கண்டுபிடிப்பு வேறு. மணலைப் புரட்டிப் போட்டது புத்தாக்கம், அதில் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை.

கையேட்டின் தலைப்பில் ‘பரிவுத் தலைமை’ என்றே வைத்தேன். பரிவு அன்பையும் அக்கறையையும் ஒருங்கே குறிக்கும், எல்லோருக்கும் உடனே விளங்கும். ‘கண்ணோட்டத் தலைமை’ என்று போட்டால் எந்த நோக்குநிலையின் தலைமை என்று கேட்பார்கள். முதற்பத்தியில் மட்டும் கண்ணோட்டம் என்னும் சொல்லையும் 578ஆம் குறளையும் விளக்கத்தோடு சேர்த்தேன். மெய்ப்பு வந்தபோது அச்சகத்தார் அதைப் ‘பார்வை’ என்று மாற்றியிருந்தார்கள். அடித்துவிட்டு மீண்டும் கண்ணோட்டம் என்று எழுதி அனுப்பினேன்.