மெனோபாஸ்: மாதவிடாய் நிற்றல்

மெனோபாஸ், பெயர்ச்சொல். பெண்ணுக்கு மாதவிடாய் நிரந்தரமாக நின்றுபோவது. தொடர்ந்து 12 மாதம் தீட்டு வராமல் இருந்து, அதற்குக் கர்ப்பமோ பாலூட்டுவதோ மருந்தோ காரணமில்லை என்றால்தான் மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்வார். ஆக, கடைசித் தீட்டு எது என்பது ஒரு வருடம் கழிந்த பிறகே தெரியவரும்.

சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. த கார்தான் என்ற மருத்துவர் 1816-இல் ஒரு பெயரை உருவாக்கி, 1821-இல் அதை மெனோபாஸ் என்று செதுக்கிக்கொண்டார். கிரேக்கத்தில் 'மென்' மாதம், 'பௌசிஸ்' நின்றுபோதல். அவ்வளவுதான்.

இராமநாதபுரம் கடற்கரையில் இதற்குத் தனிப் பெயர் தேடினால், "எனக்கு நின்னுபோச்சு" என்ற ஒரு வரிதான் கிடைக்கும். எது நின்றது என்று யாரும் கேட்பதில்லை. தீட்டு, தூரம், வீட்டு விலக்கு என்று மாதவிடாய்க்குத்தான் பல பெயர். கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ஹைளு. தீட்டு முடிந்து தலைக்குக் குளிப்பது முழுகுதல். அதனால் 'முழுகாம இருக்கா' என்றால் கர்ப்பம் என்று பொருள். 45 வயதில் இரண்டு மாதம் தள்ளிப்போனால் இது முழுகாமல் இருப்பதா, நிற்கப்போகிறதா என்று வீட்டில் குழப்பம் வரும். நியாயமான குழப்பம்தான், நிற்கிற காலத்திலும் கரு தங்கக்கூடும்.

சின்னப்பாலம், பாம்பன் பெண்களுக்கு முழுகுதல் பிழைப்பும்கூட. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசி எடுக்க இறங்குகிறவர்கள். மணிக்கணக்கில் உப்புத்தண்ணீரில் கிடக்கிற வேலையில் தீட்டு நாள் என்ன பாடு என்று சொல்லவேண்டியதில்லை. நின்றதை நிம்மதி என்று ஒருத்தி சொன்னால் அதில் ஆச்சரியமும் இல்லை.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? 'மாதவிடாய் நிறுத்தம்' பரவலாகிவிட்டது. எனக்கு அது ஒட்டவில்லை. நிறுத்து என்பது பிறவினை, யாரோ நிறுத்தவேண்டும். தானாக ஓய்வதற்கு 'நிற்றல்'தான் சரி. அறுவை செய்து, முட்டைகள் இருக்கும் சினைப்பை இரண்டையும் எடுத்துவிட்டால், அதை வேண்டுமானால் நிறுத்தம் எனலாம். இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தாலும் தீட்டு வராது. ஆனால் சினைப்பை இருக்கிறவரை அதன் வேலை நடந்துகொண்டிருக்கும். "எனக்கு அப்பவே எடுத்தாச்சு, நின்னாச்சு" என்று சொல்பவருக்குச் சில வருடம் கழித்து உடம்பு திடீரென்று எரிந்து வியர்த்தால், அது இப்போதுதான் வந்திருக்கிற மெனோபாஸ்.

எந்தப் பெயர் வைத்தாலும், எல்லாம் 45 வயதுக்கு மேல் நடக்கிற சங்கதி போலத்தான் ஒலிக்கிறது. கணக்கு தொடங்குவது தாய் வயிற்றில். பெண் சிசுவுக்கு ஐந்தாம் மாத அளவில் சினைப்பையில் 60, 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். அதில் ஆயுள் முழுக்க வெளிவருவது சுமார் 400 தான். மற்றவை தாமாகவே அழிந்துபோகும். ஆயிரத்துக்கும் கீழே இறங்கும்போது தீட்டு நிற்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் இது நடக்கிறது. மேலை நாடுகளில் 51 அளவில். 40-க்கும் 45-க்கும் இடையில் என்றால் 'முன்கூட்டி நிற்றல்'. 40-க்கும் முன்பே என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

முட்டைகள் குறைகிற வேகம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது? பாதிப் பங்கு பரம்பரைக்கு. புகை பிடிப்பவர்களுக்கு ஒன்றிரண்டு வருடம் முன்னதாக நிற்கிறது. மிச்சத்தில் சிறுவயது வாழ்க்கைக்கும் பங்கு உண்டு. பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை ஆயுள் முழுக்கத் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு வயதில் எடை குறைந்திருந்த பெண்களுக்குச் சற்று முன்னதாக நின்றது; தாய்ப்பால் குடித்தவர்களுக்குச் சற்றுத் தள்ளி. பிறந்த எடை அவ்வளவாக வித்தியாசம் காட்டவில்லை. சிறுவயதில் பெற்றோர் பிரிந்துபோனவர்களுக்கும் முன்னதாகவே நின்றது. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த சிறுமிகளுக்கும், அப்போது வயிற்றில் இருந்தவர்களுக்கும் இதே கதை. ஆனால் இவை கூட்டத்தின் சராசரியில் தெரிகிற சாய்வு. பஞ்ச காலத்தில் பிறந்த ஒருத்திக்கு இந்த வயதில் நிற்கும் என்று சொல்ல இதை வைத்துக்கொள்ள முடியாது.

ஒருத்தி தன் அளவில் தெரிந்துகொள்ள நினைத்தால், அம்மாவிடம் கேட்பதுதான் கைக்கெட்டிய வழி: "உனக்கு எப்பம்மா நின்னுச்சு?" ஆண்டு நினைவிருக்காது. மூத்தவள் கல்யாணத்துக்கு முன்னாலயா, பின்னாலயா என்று கேட்டால் சொல்லிவிடுவார்.