பெட்ரோல்ல கலக்குற எத்தனால்: நம்ம பக்கத்து விவசாயிக்கு இதுல என்ன இருக்கு?

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் இப்ப பங்க்ல போடுற சாதா பெட்ரோல் எல்லாம் ஈ20 தான், அதாவது நூறு லிட்டர்ல 20 லிட்டர் வரைக்கும் எத்தனால். இத வச்சு ஊர்ல ரெண்டு கேள்வி சுத்துது. ஒண்ணு, வண்டி கெட்டுப்போகுமா. இன்னொண்ணு, "அண்ணே, கரும்போ மக்காச்சோளமோ போட்டா எத்தனாலுக்குனு கவர்மெண்ட் காசு தருதாமே, எங்க எழுதிக் குடுக்கணும்?"

ரெண்டாவதுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். எங்கயும் எழுதிக் குடுக்க வேணாம், ஏன்னா எத்தனால் கலப்புத் திட்டத்துல விவசாயி கணக்குல நேரா விழுற காசுன்னு ஒண்ணு கிடையாது. கரும்பு எத்தனாலுக்கு விலைய நிர்ணயிக்கிறது மத்திய அரசு, காய்ச்சுறது சர்க்கரை ஆலையும் டிஸ்டிலரியும், வாங்குறது எண்ணெய் கம்பெனிங்க. டிஸ்டிலரி கட்டுறவங்களுக்கு வட்டி மானியம் உண்டு, எத்தனாலுக்கு ஜிஎஸ்டி 5% தான், இதெல்லாம் ஆலைக்காரங்க பக்கம். விவசாயிக்கு வர்றது சுத்தி வளைச்சு வர்றதுதான்: ஆலைக்குக் கையில காசு பொரண்டா கரும்புக் காசு சீக்கிரம் வரும், மக்காச்சோளத்துக்குக் கிராக்கி வந்தா விலை ஏறும், அவ்வளவு தான்.

இது நேத்து வந்த திட்டமும் இல்ல. 2003லயே 5% கலக்க ஆரம்பிச்சாங்க, ரொம்ப வருசம் சும்மா இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. 2018ல தேசிய உயிரி எரிபொருள் கொள்கைல 2030க்குள்ள 20%னு இலக்கு வச்சாங்க, 2022ல அத 2025-26க்கு முன்னாடி இழுத்தாங்க, 2025லயே தொட்டுட்டாங்க. கச்சா எண்ணெய்ல முக்கால் பங்குக்கும் மேல வெளிநாட்டுல இருந்து வாங்குற நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லதான், 2014-15ல இருந்து 1.4 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல அந்நியச் செலாவணி மிச்சம்னு அரசு சொல்லுது.

இப்ப கரும்புக் கணக்குக்கு வருவோம். ஒரு டன் கரும்புல சுமாரா 100 கிலோ சர்க்கரை எடுக்கலாம், இல்லாட்டி சாறை அப்படியே எத்தனாலா மாத்துனா 70 லிட்டர். 2024-25ல சாறு எத்தனாலுக்கு அரசு வச்ச விலை லிட்டருக்கு 65.61 ரூபாய், ஆக ஒரு டன்னுக்கு 4,590 ரூபாய் கிட்ட வருது. அதே பருவத்துல, சர்க்கரைக் கட்டுமானம் (கரும்பு எடைல கெடைக்கிற சர்க்கரையோட சதவீதம்) 9.5% அல்லது அதுக்குக் கீழ இருக்கிற கரும்புக்கு மத்திய அரசு விலை டன்னுக்கு 3,151, தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகை 349, மொத்தம் 3,500. நடுவுல இருக்கிறது முழுசும் லாபம்னு சொல்லல, காய்ச்சுற செலவு இருக்கு, ஆலை கடன் இருக்கு. ஆனா எத்தனால் வித்தா எண்ணெய் கம்பெனிகிட்ட இருந்து சில வாரத்துல பணம் வந்துரும், சர்க்கரைய குடோன்ல அடுக்கி வச்சு மாசக்கணக்கா விக்கத் தேவையில்ல, அதனால "சர்க்கரை விக்கல, அதான் பாக்கி"ன்ற பழைய பல்லவிக்கு இனிமே அவ்வளவு இடம் இல்ல. இதுதான் திட்டத்தோட நல்ல பக்கம்னு நான் நினைக்கிறேன்.

கெட்ட பக்கம் தண்ணி. கரும்புல இருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு சுமார் 2,860 லிட்டர் தண்ணி ஆகுதுனு மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்ற நிதி ஆயோக்கே 2021 அறிக்கைல போட்டிருக்கு. பைக்ல 10 லிட்டர் ஈ20 போட்டா அதுல 2 லிட்டர் எத்தனால், அது கரும்புல இருந்து வந்ததா இருந்தா ஒரு சின்ன டேங்கர் லாரி தண்ணி. வைகைப் பாசனம் இருக்கிற திருப்புவனம் பக்கம், படமாத்தூர் ஆலைய சுத்தி கரும்பு போடுறவங்க கதை வேற. கண்மாய் நம்பி ஒரு போகம் நெல்லு எடுக்குற நம்ம செம்மண் பூமில, எத்தனாலுக்குக் கிராக்கினு போரைப் போட்டு கரும்பு வைக்கிறது, சொன்னா கோவிச்சுக்காதீங்க, கைக்காசப் போட்டு நிலத்தடித் தண்ணிய வெளியூருக்கு அனுப்புற வேலை.

சாப்பாட்டு விஷயம் இன்னும் சிக்கல். 2023ல மழை ஏமாத்தி கரும்பு கொறஞ்சப்போ, டிசம்பர்ல சாறுல இருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசே தடை போட்டு, ஒரு வாரத்துல கொஞ்சம் தளர்த்தி, அடுத்த வருசம் ஆகஸ்ட்ல தான் முழுசா எடுத்துச்சு. சரி தானியத்துக்குப் போவோம்னு மக்காச்சோளத்துல இறங்குனாங்க, இப்ப கரும்பை விட தானியத்துல இருந்துதான் எத்தனால் அதிகமா வருது. வெளைய வச்ச ஆளுக்கு விலை கெடச்சுது, நல்லதுதான், ஆனா ஏற்றுமதி பண்ணிட்டிருந்த நாடு மக்காச்சோளத்த இறக்குமதி பண்ணுச்சு, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரங்க தீவன விலைய பாத்து அலறுனாங்க. இன்னொரு பக்கம் எஃப்சிஐ (இந்திய உணவுக் கழகம்) குடோன் அரிசி: 2024-25க்கு 52 லட்சம் டன் ஒதுக்குனாங்க, கிலோ 22.50க்கு. அந்த அரிசிய கொள்முதல் பண்ணி, மூட்டை கட்டி, பாதுகாக்க அரசுக்கே கிலோவுக்கு 40 ரூபாய் கிட்ட ஆகுது. புதுவயல் மில்லுல குருணையும் கருப்பரிசியும் தனியா பிரிக்கிறாங்கல்ல, அந்த மாதிரி குருணை, கெட்டுப்போன தானியம், சர்க்கரை எடுத்தது போக மிஞ்சுற கழிவுப்பாகு, இதுல இருந்து எத்தனால் எடுத்தா யாருக்கும் ஆட்சேபனை இருக்காது. நல்ல அரிசிய பாதி விலைக்குக் குடுத்து வண்டில ஊத்துறதுதான் எனக்கு ஒப்பல.

வைக்கோல்ல இருந்து எடுக்கலாமேன்னு கேப்பீங்க. அரியானால பானிபட்ல 2022ல இந்தியன் ஆயில் ஆலை தொறந்தாங்க, வருசத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல்ல 3 கோடி லிட்டர்னு திட்டம். அங்க வைக்கோல வயல்லயே எரிக்கிறாங்க. நம்ம ஊர்ல மாட்டுக்கே பத்தல. காட்டாமணக்கு கதையும் ஞாபகம் இருக்கும், தரிசுல நட்டா டீசல் கொட்டும்னு 2000க்கு அப்புறம் நாடு முழுக்க கூவுனாங்க, 2009 கொள்கைல 2017க்குள்ள டீசல்லயும் 20% கலக்கணும்னு இலக்கே வச்சாங்க, தண்ணி ஊத்தாம அது காய்க்கலனு நட்டவனுக்குத் தெரியும்.

வண்டி விஷயம் சுருக்கமா. எத்தனால்ல பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அதனால மைலேஜ் கொஞ்சம் அடிக்கும், பழைய கார்ல 6-7%, பைக்ல 3-4% வரைக்கும்னு அதே நிதி ஆயோக் அறிக்கை சொல்லுது. 2023 ஏப்ரலுக்கு முந்தின, ஈ20க்குனு செய்யாத வண்டினா ரப்பர் ஹோஸ், கேஸ்கெட்ட சர்வீஸ்ல பாக்கச் சொல்லுங்க. மழைக்காலத்துல டேங்க் மூடி சரியா இருக்கணும், தண்ணி எறங்குனா எத்தனால் அதோட சேந்து அடில தங்கிரும். பங்க்ல சந்தேகம்னா, பெட்ரோல் சுத்தமானு பாக்குற ஃபில்டர் பேப்பர் டெஸ்ட்டும், அளவு சரியானு பாக்குற 5 லிட்டர் அளவும் கேக்கலாம், காசு கெடையாது. பெட்ரோல் விலை ஏன் கொறையலன்னா, எத்தனால் ஒண்ணும் சல்லிசு இல்ல, 2025 ஜூலை கணக்குப்படி எத்தனால் வாங்குற செலவே வரி, வண்டிக்கூலியோட லிட்டருக்கு 71.32 ரூபாய்.

கரும்பு போட்டிருக்கிறவங்களுக்கு மட்டும் கடைசியா. 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, வெட்டிக் குடுத்த 14 நாளைக்குள்ள ஆலை காசு தரணும், தாண்டுனா வருசத்துக்கு 15% வட்டி. தரலன்னா நில வரி பாக்கி மாதிரி கலெக்டர் மூலமா வசூல் பண்ணலாம், சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்ல நடக்குற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல எடைச் சீட்டு நகலோட மனு குடுங்க. ஒரு விஷயம் கவனம்: எழுத்துல வேற மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தா இந்த 14 நாள் விதி செல்லாது, அதனால பதிவு நேரத்துல நீட்டுற காகிதத்த படிச்சுப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க.